அடைபட்ட வழி

குளிர்பதனப் பெட்டி குளிரைப் பிறப்பிப்பதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. தனக்குள் மிகுந்திருப்பதை வெளியேற்றுவதே அதன் தொழில். இதனை நூலில் படித்திருந்தோம். ஆயினும், ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வந்த நான்காம் நாளில்தான் அதன் பொருளை உணர்ந்தோம்.

அன்று சுபுஹுத் தொழுகை முடித்து வந்து, உம்மாவுக்கு இன்சுலின் எடுப்பதற்காகப் பெட்டியைத் திறந்தோம். கையில் குளிர்ச்சி படவில்லை. கீழ்த்தட்டில் இருந்த பால் திரிந்திருந்தது. அதன் அருகே, ஒரு மாதத்திற்கென வாங்கி வைத்த இன்சுலின் குப்பிகள் இருந்தன. பிரிக்காத குப்பிகள் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருத்தல் வேண்டும். உறைந்துவிட்டாலும் அவை பயன்படா. ஆதலின் மேலேயுள்ள உறைகலத்தில் வைக்கவும் வழியில்லை. நாம் திகைத்து நிற்க, உம்மா அவற்றை மூடியுள்ள சிறு டப்பாவில் இட்டு, மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். பின்னர், “பதறாதே வாப்பா, ஒவ்வொன்றாய்ப் பார்” என்றார்.

ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். உள்விளக்கு எரிந்தது, மின்சாரம் உண்டு. கம்ப்ரசரின் மெல்லிய முழக்கம் கேட்டது, அதுவும் இயங்குகிறது. குளிர் அளவைத் திருகும் குமிழ் உரிய இடத்திலேயே இருந்தது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தோம், எளிதில் வரவில்லை. ரப்பர் விளிம்பு பழுதின்றி இருக்கிறது. மின்செருகியைக் கழற்றிவிட்டுப் பின்புறத் தூசியையும் துடைத்தோம். பயனில்லை. “வாயு போய்விட்டது, பெருஞ்செலவு வந்தது” என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

எம் தெருவில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. காக்கா என்றே அனைவரும் அழைப்போம். வந்தவர் கீழ்த்தட்டைப் பார்க்கவில்லை, மேல்கதவைத் திறந்தார். குர்பானி இறைச்சிப் பொட்டலங்கள் கூரை முட்டக் கல்லாய் உறைந்திருந்தன.

“வாயு முழுதும் போயிருந்தால் இது இப்படி உறைந்திருக்குமா, தம்பி?” என்றார். “குளிர்ந்த காற்று மேலிருந்துதான் கீழே இறங்க வேண்டும். அது போகும் துளைகளையெல்லாம் கறியை வைத்து அடைத்துவிட்டீர்கள். பெட்டியில் பழுதில்லை; வழியைத் திறந்துவிடுங்கள்.”

நாம் நாணித் தலைகுனிந்தோம். பெருநாளன்று பங்கிட்டோம், இல்லை என்று சொல்வதற்கில்லை. உறவினர்க்கும் வறியோர்க்கும் கொடுத்த பின்னரே வைத்தோம். ஆனால் கொடுத்ததைவிட வைத்தது மிகுதி. பெட்டி பெரிதாக இருந்ததால், எம் பங்கும் பெரிதாகிவிட்டது.

மதீனாவில் ஓர் ஆண்டு மக்கள் வறுமையுற்றிருந்தபோது, குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மறு ஆண்டு, உண்ணவும் உண்பிக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். அனுமதியை நாம் நன்கு நினைவில் வைத்திருந்தோம். தடைக்குக் காரணமான பசியை மறந்திருந்தோம்.

உறைகலத்தில் பாதிக்கு மேல் வெளியே எடுத்தோம். எண்ணிப் பார்த்தால் 22 பொட்டலங்கள்! பள்ளிவாசலுக்கு நாள்தோறும் எந்தக் குடிசைகளைக் கடந்து செல்கிறோமோ, அவற்றின் வாசல்களில் அன்றுதான் முதன்முறையாக நின்றோம். ஒரு மூதாட்டி பொட்டலத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, “பெருநாள் கறி இன்னுமா இருக்கிறது, தம்பி?” என்று கேட்டார். அவர் குரலில் குத்தல் இல்லை, வியப்பே இருந்தது. எந்தக் கண்டனமும் எம்மை அவ்வளவு சுட்டதில்லை.

மறுநாள் காலை கீழ்த்தட்டில் வைத்த வெப்பமானி 5 பாகை காட்டியது. மருத்துவரைக் கேட்டறிந்த பின்பே குப்பிகளை மீண்டும் அடுக்கினோம். அல்ஹம்துலில்லாஹ், புதிதாக ஒன்றும் வாங்க நேரவில்லை. காக்காவும் கூலி பெற மறுத்துவிட்டார். ஒரு பொட்டலம் மட்டும் பெற்றுக்கொண்டார்.

இப்பொழுதும் பெருநாள் வருகிறது, குர்பானியும் கொடுக்கிறோம். உறைகலத்தின் பின்சுவரில் உள்ள அந்தத் துளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவே வைக்கிறோம். அவை மறையத் தொடங்கினால், யாருடைய பங்கோ எம் வீட்டில் தங்கிவிட்டது என்று பொருள்.