சிவப்பு உருளை, நீல உருளை

2022 மே மாதத் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, எங்கள் தெருவின் இட்லிக்கடை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் இதற்குமுன் எங்கள் படியேறியதில்லை. உள்ளே அழைத்தும் வரவில்லை. "சார், உங்க வீட்டுல நிக்கிற இன்னொரு சிலிண்டரைத் தர முடியுமா? மாவு ஆட்டி வச்சாச்சு. நாளைக்குப் புளிச்சுப் போயிடும்" என்றார்.

அந்த மே முதல் தேதி 19 கிலோ வணிக உருளையின் விலை தில்லியில் 2,355 ரூபாய் 50 காசை எட்டியிருந்தது. எங்கள் ஊரில் அதனினும் கூடுதல். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ உருளை அப்போது ஆயிரம் ரூபாயை ஒட்டி நின்றது. கிலோக் கணக்கில் பார்த்தால் ஒன்று 124 ரூபாய், மற்றது 70 ரூபாய். உள்ளிருப்பது ஏறத்தாழ ஒரே வாயுதான். ஓட்டை விழுந்தால் காட்டிக்கொடுக்கும் நாற்றமும் ஒன்றே. ஒரு உருளைக்குச் சிவப்புச் சாயம், மற்றதற்கு நீலம்.

நான் கொடுத்தேன். கொடுக்குமுன் ஒரு கணம் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட எரிவாயு ஒழுங்குமுறை ஆணைப்படி, வீட்டுக்கென வாங்கிய வாயுவை வணிகத்துக்கு எரிப்பது குற்றம். அரசு உதவிபெறும் கல்லூரியொன்றில் சம்பளம் வாங்குபவன் நான். இதெல்லாம் மனத்தில் ஓடியது. மாவு புளிக்கும் என்ற சொல் அதை முந்திக்கொண்டது.

அக்காவின் கடை என்பது அவர் வீட்டின் முன்பகுதிதான். இரண்டு பெஞ்சு, ஓர் இட்லிக் கொப்பரை, ஒரு தோசைக்கல். காலை பத்து மணிவரை அந்த அடுப்பு கடையினுடையது. அதற்குப் பின் அதே அடுப்பில் தம் பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பார். பத்து மணிக்கு முன் எரிவது வணிக வாயு, பின் எரிவது குடும்ப வாயு என்று எந்த ஆணை பிரித்துக் காட்டும்? வகுப்பில் 'அடு' என்ற வினையடியிலிருந்து அடுப்பும் அட்டிலும் பிறந்ததை ஆண்டுதோறும் விளக்குகிறேன். சமைத்தலையும் கொல்லுதலையும் ஒரே சொல்லால் குறித்தவர்கள் நம் முன்னோர். விற்பதற்குச் சமைப்பதையும் உண்பதற்குச் சமைப்பதையும் அவர்களும் பிரித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பிரிவினைக்குக் காரணம் இல்லாமலில்லை. நம் நாட்டுத் தேவையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு எரிவாயு கப்பலில் வருகிறது. சவூதி நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையும் டாலர் மதிப்பும் இங்குள்ள விலையை ஆட்டுவிக்கின்றன. 2002 ஏப்ரலில் எண்ணெய்ப் பொருட்களின் நிர்வாக விலைமுறை கைவிடப்பட்டபோதும் வீட்டு எரிவாயுவையும் ரேஷன் மண்ணெண்ணெயையும் அரசு தன் கைப்பிடியிலேயே வைத்துக்கொண்டது. ஏழை வீட்டு அடுப்பில் பூனை உறங்கிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான். வணிக உருளையின் விலையோ மாதப் பிறப்பில் சந்தையோடு ஏறி இறங்கும். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோதும் வீட்டுக்கு 5 விழுக்காடு, கடைக்கு 18 என்று வேலி உயர்ந்தது.

அந்தக் கைப்பிடிக்குள் யார் யார் இருந்தோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2014 ஜனவரியில் தில்லியில் மானியமில்லா உருளை 1,241 ரூபாய். மானிய உருளை 414 ரூபாய். அந்த 414 ரூபாய் வரிசையில் நானும் இருந்தேன். ஆண்டுக்கு ஆறு உருளை என்று 2012இல் வரம்பு கட்டியபோது ஆசிரியர் அறையில் உரத்துக் கண்டித்தவர்களில் நானும் ஒருவன் (அது ஒன்பதாகி, 2014இல் பன்னிரண்டாகியது). 2015இல் வசதியுள்ளோர் மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று அரசு வேண்டியபோது, படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தேன். கொள்கை ஒன்றும் இல்லை. சோம்பல், கொஞ்சம் ஆசை. 2020 மே மாதத்தில் சந்தை விலையே சரிந்து மானிய விலையைத் தொட்டதும் வங்கிக்கு வரும் தொகை நின்றது. பிறகு விலை ஏறியபோதும் என் போன்றோருக்கு அது திரும்பவில்லை. நான் கவனித்ததே பல மாதங்கள் கழித்துத்தான். கவனிக்காமல் இருக்க முடிந்தது என்பதே என் நிலைமையைச் சொல்லும்.

அப்போதும் வீட்டு விலை முழுச் சந்தை விலை ஆகிவிடவில்லை. 2020 ஜூன் முதல் ஈராண்டு காலம் அடக்கத்துக்குக் கீழே விற்றதற்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு 22,000 கோடி ரூபாய் வழங்கியது. 2025 ஆகஸ்டில் மேலும் 30,000 கோடிக்கு ஒப்புதல் தந்தது. அக்காவிடம் இட்லி வாங்கும் கட்டடத் தொழிலாளி தான் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கட்டும் வரியும் அதில் ஒரு துளியாக என் சிவப்பு உருளைக்கு வந்திருக்கும். அவர் வயிற்றுக்கான இட்லி மட்டும் நீல உருளையில் வேக வேண்டும்.

கொடுத்த நான்காம் நாள் சோதனைக்கு வந்துவிட்டார்கள். நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பெரிய உணவகங்களை விட்டுவிட்டு இந்தத் தெருவுக்குள் ஜீப் ஏன் நுழைந்தது என்று அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. பாதிக்கு மேல் வாயு இருந்த உருளையைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். "இது யார் பேர்ல உள்ளது?" என்று அதட்டியது எங்கள் வாசல்வரை கேட்டது. "வெளியில வாங்கினதுங்க. யாருன்னு தெரியாது" என்றார் அக்கா. என் வாசலைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் வண்டியின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குள்ளேயே நின்றேன். பத்தடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை.

அன்று மாலை பணம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். அபராதத்தில் பாதியாவது நான் தருவதாகச் சொன்னேன். "நீங்க குடுத்ததே பெருசு சார்" என்று முடித்துவிட்டார். மறுநாள் காலை கடையின் பின்புறத்தில் விறகடுப்புப் புகைந்தது. இருமலோடுதான் சட்னி பரிமாறினார். பிறகு எப்படியோ நீல உருளை வந்தது. இட்லி ஆறு ரூபாயிலிருந்து ஏழானது. இரண்டொரு வாடிக்கையாளர்கள் நின்றுபோனதாகக் கேள்வி.

மே நடுவிலிருந்து தினமும் காலையில் அவருடைய இளைய மகன் ஒரு டிபன் பாக்ஸோடு வர ஆரம்பித்தான். ஆறு இட்லி, தூக்குவாளியில் சாம்பார். காசு கொடுத்தால் ஓடிவிடுவான். என் மனைவி சங்கடப்பட்டாள். நான் உண்டேன். மறுக்க எனக்கு என்ன முகம் இருந்தது?

ஜூன் கடைசி நாளன்று அக்காவே வந்தார். கையில் மாதக் காலண்டரின் இரண்டு தாள்கள். மே பாதியிலிருந்து ஒவ்வொரு தேதியிலும் ஒரு சிறு கோடு. "இன்னியோட நாப்பத்தஞ்சு நாள் சார். கேஸுக்கு உண்டானது முடிஞ்சது."

எனக்கு மனக்கணக்கு வராது. மெல்லப் பெருக்கிப் பார்த்தேன். நாளொன்றுக்கு 42 ரூபாய். மொத்தம் நான் அந்த உருளைக்குக் கொடுத்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வந்தது. கணக்குப் பிசகிவிட்டது அக்கா, எனக்கு விலை ஆயிரம்தானே என்றேன்.

"அது வீட்டுக்கு சார். நான் எரிச்சது கடைக்குத்தானே?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். "சிலிண்டருக்குக் கட்டுற டெபாசிட்டு தனி சார். போன பதினாறாந் தேதியிலிருந்து 1,450ஐ 2,200 ஆக்கிட்டாங்களாம். நான் பழசைக் குடுக்கணுமா, புதுசைக் குடுக்கணுமான்னு ஏஜென்சியில கேட்டுச் சொல்லுங்க. ஆடி பொறந்ததும் ஆரம்பிச்சுடறேன்."