தொழில் என்பது கூலி மட்டுமன்று

தொழிற்பெயரைக் கற்பிக்கும் ஆசிரியர் ‘உண்ணல்’, ‘நடத்தல்’ என்னும் சொற்களை உதாரணமாகக் காட்டுவது வழக்கம். உண்பதும் நடப்பதும் தொழில்களே என்கிறது இலக்கணம். சந்தைச் சமுதாயமோ கூலி கிடைக்கும் வேலைக்கு மட்டுமே அப்பெயரைச் சூட்டியுள்ளது. கூலி நின்ற அன்றே மனிதன் தொழிலற்றவனாகி, வீட்டு மூலையில் இருத்தப்படுகின்றான். முதுமையின் பெருந்துயரம் இங்கேதான் தொடங்குகின்றது.

இத்துயரத்துக்கு எதிரான மருத்துவத் துறை ஒன்றுண்டு. தொழில்வழிச் சிகிச்சை என்பது அதன் பெயர். 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே தனித்துறையாக அமைப்புற்ற இது, இலக்கணத்தார் கொண்ட விரிந்த பொருளிலேயே தொழிலைக் காண்கின்றது. குளித்தல், உடுத்தல், சமைத்தல், அயலவரோடு அளவளாவுதல் யாவும் அதற்குத் தொழில்களே.

என் தாயார் பாரிசவாதத்தால் வலக்கை சோர்ந்து வீடு திரும்பியபோது, உறவினர் யாவரும் அன்போடு கூறியது ஒன்றே: “நீங்கள் சும்மா இருங்கோ.” பனையோலையில் பெட்டி இழைத்தே எங்களைப் படிப்பித்த கைகளுக்கு அது தண்டனையாயிற்று. உணவிலும் பேச்சிலும் அவருக்கு நாட்டம் குன்றியது. சிகிச்சையாளராக வந்த இளம்பெண்ணோ, “அம்மா, உங்களுக்கு என்ன செய்ய ஆசை?” என்று கேட்டார். “பெட்டி இழைக்க வேணும், பிள்ளை” என்றார் தாயார்.

சோர்ந்த கை ஓலையை அழுத்திப் பிடிக்க, மற்றக் கை இழைக்கப் பழகியது. கரண்டிப் பிடியிலே துணி சுற்றித் தடிப்பாக்கினோம். கிணற்றடியில் இருந்து குளிக்க ஒரு வாங்கு போட்டோம். வலக்கை பழைய நிலையை அடையவில்லை. ஆயினும் தம் நாளைத் தாமே நடத்தும் உரிமை அவருக்கு மீண்டது.

இஃது ஒரு வீட்டு அனுபவம் மட்டுமன்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அரசாங்க உதவி பெற்ற குடியிருப்புகளில் வாழ்ந்த, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 361 பேரை ஒன்பது மாதங்கள் ஆராய்ந்தனர். முடிவு 1997இல் வெளியாயிற்று. தொழில்வழிச் சிகிச்சை பெற்றோரின் உடல்நலமும் வாழ்க்கைத் தரமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. வெறும் பொழுதுபோக்கில் கூடியவர்களோ, எச்சிகிச்சையும் பெறாதவர்களைவிட மேம்படவில்லை. பொழுதைப் போக்குவது வேறு. பொழுதுக்குப் பொருள் காண்பது வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. “முதியோர்க்கு வேலை நல்லது” என்னும் வாதத்தைச் சுரண்டுவோர் தமக்குச் சாதகமாக்கக் கூடும். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களையும் வயலிலே வளைந்த முதுகையும் வயிற்றுக்காக மீண்டும் வேலைக்கு அனுப்புவது சிகிச்சையன்று, கொடுமை. தானே தெரிந்துகொண்ட தொழிலே மனிதனை மீட்கும். அத்தெரிவுக்கு முதலில் பசியின்மை வேண்டும். ஆகவே ஓய்வூதியக் கோரிக்கையும் தொழில்வழிச் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று துணையானவை.

2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி, இலங்கை மக்களில் 12.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தோர். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டமும் 2000ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. உரிமை என்பது உணவும் மருந்தும் பெறுவதோடு முடிந்துவிடாது. இச்சிகிச்சை கிராமத்து மருத்துவமனைக்கும் தோட்டத்து லயத்துக்கும் வந்து சேரவேண்டும். உழைத்துச் சமுதாயத்தை ஆக்கியவர்கள், அச்சமுதாயத்திடம் இரக்கத்தையன்றி இடத்தையே கேட்கின்றார்கள்.