எந்தக் கட்டத்தில் அம்மா?

பழவேற்காட்டில் பாடு என்றால் ஏரியில் வலை வைக்கும் இடம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற பட்டினவர் ஊர்களில் யாருக்கு என்று எந்தப் பாடு என்பதைக் குலுக்கலும் முறைவைப்பும் தீர்மானிக்கின்றன. அதற்கொரு பெயர்ப்பட்டியல் உண்டு. பட்டியலில் இருந்தால்தான் தண்ணீரில் இடம். இருப்பவர்கள் ஆண்கள். ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, நீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. ஏலத்தில் மீன் எடுத்துக் கூடை சுமக்கும் பட்டினவர் பெண்களுக்கும் இல்லை. யார் பெயரை எழுதுவார்கள், யார் பெயரை விடுவார்கள் என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வருமுன்பே தெரியும்.

ஆறாம் வகுப்புக் கணக்கில் தரவு வருகிறது. திரட்டு, நேர்க்கோட்டுக் குறி போடு, பட விளக்கப்படமாக வரை, பிறகு அதைப் படி. நான் தமிழ் நடத்துகிறவள். ஆனாலும் குப்பத்து மாலை வகுப்பில் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். தெருவில் யார் என்ன வேலை என்று கேட்டு வரச் சொன்னோம். அப்பாக்களுக்கு நேரே ‘மீன்பிடி’. அம்மாக்களுக்கு நேரே பெரும்பாலும் ‘சும்மா இருக்காங்க’. ஒரு மீன் படத்துக்குப் பத்துப் பேர் என்று வரையத் தொடங்கியபோது ஒரு சிறுமி கேட்டாள்: “மிஸ், எங்கம்மா மீனு பிடிக்கல. ஆனா விக்குது, காய வைக்குது. அத எந்தக் கட்டத்துல போடறது?”

மறுநாள் கேள்வியை மாற்றினோம். ஆளுக்கு 24 கட்டம், ஒரு கட்டம் ஒரு மணி நேரம். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அம்மா என்ன செய்கிறார், அப்பா என்ன செய்கிறார்? ஏலம், ஐஸ், விற்பனை, கருவாடு, தண்ணீர், சமையல் என்று அம்மாவின் தாள் நிறைந்தது. அதே தெரு, அதே மனிதர்கள், கேள்விதான் வேறு.

நாட்டின் கணக்கும் இப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்டில் 6 மாதமாவது வேலை செய்தவரே முதன்மை உழைப்பாளர். குறைந்தால் குறு உழைப்பாளர். வீட்டுவேலை மட்டும் என்றால் உழைக்காதவர். 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டைக் கேட்டபோது, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது பதிவானது. 1998–99இல் நடந்த முன்னோட்டக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. பெண்கள் படும் பாடு எண்ணாக மாற, அதற்கென்று கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

பட்டை வரைபடத்தைக் காட்டி எது உயரம், எது குட்டை என்று கேட்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். யார் கேட்டார்கள், வீட்டில் யார் பதில் சொன்னார்கள், தாளில் இல்லாத கேள்வி எது என்பதையும் பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும். புயலுக்குப் பிறகு நிவாரணமும் பட்டியலைப் பார்த்துத்தான் வருகிறது. அன்று அதில் அம்மாவின் பெயரைத் தேடவும், இல்லையென்றால் ஏன் என்று கேட்கவும் அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.