தேடியும் கிடைக்காத பாட்டு

சென்ற ஓணம் விடுமுறையில் பீர்மேட்டிலுள்ள என் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். நான் பாலக்காட்டில் இரயில்வே எழுத்தனாக இருப்பவன். கோட்டயம் வரையில் இரயில். பிறகு முண்டக்கயம், குட்டிக்கானம் வழியாக மலையேறும் பேருந்து. வீடு சேரும்போது நல்ல மழை.

என் தந்தையார் அங்கேதான் இருக்கிறார். காலமான என் அன்னையார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். நான் சிறுவனாயிருந்தபோது அவர் பாடிய சில பாடல்களை உறவினர் ஒருவர் ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். மலை ஈரத்தில் அந்நாடா பூசணம் பிடிக்கத் தொடங்கவே, அது கெடுமுன் பாடல்களைக் கணினிக்கு மாற்றினேன். தந்தையார் விரும்பும் திரைப்பாடல்களையும் சேர்த்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் இட்டு, அதில் ஓர் இசைச் சேவையக மென்பொருளையும் நிறுவினேன். வீட்டிலுள்ளோர் கைபேசியில் பெயரைத் தட்டினால் பாட்டு ஒலிக்கும்.

இம்மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பவை; மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். அதன் பயனுக்கு லிரியன் என்பதே சான்று. அது முதலில் சிலிம் டிவைசஸ் நிறுவனத்தின் இசைக் கருவிகளுக்காக எழுதப்பட்டது. 2006இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. பின்னர் அக்கருவிகளின் உற்பத்தி நின்றது. ஆயினும் பயன்படுத்துவோரே நிரலைப் பேணி வந்தனர். 2024இல் அதற்கு லிரியன் என்னும் புதுப்பெயரும் வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் பல மூடிக் கிடந்தபோதும், லயங்களை விட்டகலாமல் வாழ்ந்த நம் மக்களை அது எனக்கு நினைவூட்டுகிறது.

அன்று மாலை தந்தையார் மெல்லக் கேட்டார்: "தம்பி, அம்மாவின் கொழுந்துப் பாட்டு அழிந்து போயிற்றா? எத்தனை நாளாய்த் தேடியும் வரவில்லையே."

எனக்குத் திகைப்பாயிருந்தது. நாடாவோ அதற்குள் முற்றும் கெட்டு, எறியப்பட்டுவிட்டது. தமக்கையின் மகள் கைபேசியில் 'கொழுந்து' என்று எழுதித் தேடிக் காட்டினாள். ஒன்றும் வரவில்லை. அவள் மலையாள வழியில் பயில்பவள். "நீ பிழையாக எழுதியிருப்பாய்; தமிழ் எழுத்து உனக்கு எங்கே சரியாக வரப்போகிறது?" என்று கடிந்துகொண்டேன். "சரியாகத்தான் எழுதினேன், மாமா" என்றாள். முகம் வாடிவிட்டது.

இரவு எல்லோரும் உறங்கியபின் கணினியின் முன் அமர்ந்தேன். முதலில் மின்தடையால் கோப்புக் கெட்டதோ என்று ஐயுற்றேன். கோப்பு நலமாக இருந்தது. சேவையகம் தன் செயல்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டைப் படித்தேன். எல்லாப் பாடல்களையும் அது வாசித்திருந்தது. பிழை ஏதும் குறிக்கப்படவில்லை. ஆகவே பாட்டு உள்ளே இருக்கிறது. தேடல்தான் அதைக் காணவில்லை.

பிற சொற்களைத் தேடினேன். 'தாலாட்டு' வந்தது, 'கும்மி' வந்தது, 'கோலாட்டம்' வரவில்லை. கொகர, கோகர எழுத்துள்ள பெயர்கள் மட்டுமே அகப்படவில்லை என்பது அப்போது புலனாயிற்று. கோப்பிலிருந்த 'கொழுந்து' என்னும் சொல்லையும், நான் புதிதாகத் தட்டிய அதே சொல்லையும் அளந்து பார்த்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் புதியது 24 பைட்டு. பழையது 27 பைட்டு!

காரணம் இதுதான். யூனிகோடு முறையில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் அமைக்கலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடாகவும் அமைக்கலாம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் கோப்பில் 3 பைட்டு இடம் கொள்வதால் அந்த வேறுபாடு. பத்தாம் வகுப்பு முடித்து ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்த நாளில், பாடற்பட்டியலைப் பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருந்தேன். அவ்வெழுத்துருவில் கொம்பும் காலும் தனித்தனி. பின்னர் அதை யூனிகோடுக்கு மாற்றியபோது அவை இணையாமலே நின்றுவிட்டன. இரண்டு வடிவமும் சமம் என்பதே யூனிகோடு விதி. ஆயினும், ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்காத தேடலுக்கு அவை வெவ்வேறு சொற்களே.

எங்கள் பார்சல் அலுவலகத்திலும் இத்தகைய காட்சி உண்டு. சரக்குக் கிடங்கிலேயே இருக்கும். பதிவேட்டில் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தால், உரியவர் வெறுங்கையுடன் திரும்புவார்.

என்.எப்.சி. என்னும் ஒருங்கமைப்பு முறைப்படி எல்லாத் தலைப்புகளையும் திருத்தி, சேவையகத்தை மீண்டும் வாசிக்கச் செய்தேன். காலையில் மருமகளை அழைத்து, "பிழை உன்னுடையதன்று, அம்மா; என்னுடையது. நீ எழுதிய தமிழே சரி" என்றேன். அவள் மறுமொழி கூறாமல் கைபேசியை எடுத்து எழுதினாள். முதலில் ஓர் இருமல் ஒலி. பிறகு அன்னையாரின் குரல். தந்தையார் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்பர்களே, உங்கள் இல்லங்களிலும் முதியோர் குரல் பதிந்த நாடாக்கள் இருக்கலாம். காலந்தாழ்த்தாமல் மாற்றி வையுங்கள். இரண்டு படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பழைய எழுத்துருவில் எழுதிய பெயர்களைத் தேடிப் பார்த்துச் சரி செய்யுங்கள். பாட்டு வராதபோது பதிவேட்டைப் படியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிள்ளைகளின் தமிழைக் குறை சொல்லுமுன் நம் எழுத்தை ஒருமுறை சரிபார்ப்போம்.