ஆணியில் தொங்கும் சாவி

பைக் ஒருத்தருடைய வண்டி. டி.வி.எஸ். எக்ஸெல் வீட்டு வண்டி. நாற்பது வருஷத்துக்கும் மேலாக இந்தச் சின்ன மொபெட் நம் ஊர்களில் நிலைத்து நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பைக் சாவி அதை வாங்கியவரின் சட்டைப் பையில் இருக்கும். எக்ஸெல் சாவி நிலைப்படிக்குப் பக்கத்தில், காலண்டர் மாட்டிய ஆணியில் தொங்கும். விடிந்ததும் அப்பா சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவார். அவர் திரும்பி வந்ததும் அம்மா ரேஷன் கடைக்கு எடுத்துப்போவார். வெயில் தாழ்ந்த பிறகு தாத்தா தோட்டத்துக்கு ஒரு நடை போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார். காலேஜிலிருந்து வந்த பெண், ஊறவைத்த அரிசியைத் தூக்குவாளியில் போட்டு முன்னால் வைத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போவாள். பக்கத்து வீட்டில் யாருக்காவது அவசரம் என்றால் சாவியை எடுத்து நீட்டிவிடுவார்கள். புல்லட்டை அப்படி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைப்பதில்லை.

யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகிற மாதிரி ஒரு வண்டியைச் செய்வது லேசான வேலை இல்லை. எடையை எடுத்துக்கொள்வோம். இன்றைய 350 சிசி புல்லட் 190 கிலோவுக்கு மேல் வருகிறது. எக்ஸெல் 100 வண்டி 90 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஓடும்போது எந்த வண்டியின் எடையும் தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும். ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது, வாசல் படியில் சாய்பலகை போட்டு ஏற்றும்போது, வரப்பை ஒட்டிய சேற்றில் சக்கரம் புதைந்துவிட்டால், பஞ்சரான வண்டியை அடுத்த கடை வரை தள்ளிக்கொண்டு போகும்போது. அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் தனியாக நின்று செய்யக்கூடிய காரியம் எது, முடியாத காரியம் எது என்பதை இந்தக் கிலோக்கணக்குதான் முடிவு செய்கிறது.

அடுத்து கிளட்ச். எக்ஸெலில் கிளட்ச் பிடி கிடையாது, கியரும் கிடையாது. எஞ்சின் சுழற்சி ஏற ஏற, உள்ளே இருக்கும் கட்டைகள் வெளிப்பக்கமாக விரிந்து, சுற்றியிருக்கும் டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். வண்டி நகரும். ஆக்சிலேட்டரை விட்டால் ஸ்பிரிங் அந்தக் கட்டைகளை உள்ளே இழுத்துவிடும். எஞ்சின் அணையாமல் வண்டி நிற்கும். ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது முறுக்குவதும் பிரேக் பிடிப்பதும்தான். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் ஒரு மாலைப்பொழுதில் பழகிக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. சைக்கிளில் கிடைத்த அந்தத் தைரியம் மொபெட்டிலும் அப்படியே செல்லுபடியாகும். கியர் வண்டிக்கு வேறு பழக்கம் வேண்டும், பெரும்பாலும் அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆணும் வேண்டும்.

இன்னொன்று உடை. எக்ஸெலில் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இடம் திறந்திருக்கிறது. அதன் வழியாகக் காலை உள்ளே வைத்து உட்கார்ந்துகொள்ளலாம். புடவை கட்டியவரும் வேட்டி கட்டியவரும் தங்கள் உடையை மாற்றிக்கொள்ளாமல் ஓட்டக்கூடிய வண்டி என்பதை நகரத்தில் இருக்கிறவர்கள் சின்ன விஷயமாக நினைக்கலாம். மடித்துக் கட்டிய வேட்டியோடு வயலில் இறங்கி, அதே வேட்டியோடு வண்டியேறி உரக்கடைக்குப் போகிற மனிதருக்கு அதுதான் முதல் தகுதி. பேன்ட் போட்டவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி இந்த ஊரில் பாதிப் பேரைத்தான் ஏற்றிக்கொள்ளும்.

1980இல் ஓசூர் ஆலையிலிருந்து எக்ஸெலின் முன்னோடியான டி.வி.எஸ். 50 வந்தபோது, இந்தியாவில் இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் மொபெட் அதுதான். அதற்கு எட்டு வருஷம் முன்பே புனேயிலிருந்து லூனா வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது சீட் வந்த பிறகுதான் மொபெட் ஒரு குடும்பத்தின் வண்டியாக ஆனது. ஐம்பது சிசிக்குள் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், சைக்கிள் போலவே ஒரு ஜோடி பெடல். ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்து ஸ்டார்ட் செய்வார்கள். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்தே வீடு வந்து சேரலாம். அந்தப் பெடலுக்காகவே துணிந்து வாங்கியவர்கள் இருந்தார்கள். கையில் இருக்கும் பணத்தை முழுக்கப் போட்டு ஒரு எந்திரத்தை வாங்குகிறவருக்கு, எந்திரம் கைவிட்டாலும் வண்டி கைவிடாது என்கிற உறுதி தேவைப்பட்டது.

எங்கள் அத்தை கிராம சுகாதாரச் செவிலியர். சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்கள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. பஸ் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வரும். அவர் டி.வி.எஸ். 50 வாங்கிய பிறகு அந்த ஊர்களின் தடுப்பூசி நாள் பஸ் நேரத்திலிருந்து விடுபட்டது. நீல நிறத் தடுப்பூசிப் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவார். பெட்டிக்குள் இருக்கும் ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு நடந்த காலத்தில் மதியத்துக்குள் ஓர் ஊரைத்தான் முடிக்க முடிந்தது என்று சொல்வார். அதே வீட்டில் மாமாவுக்கு ஒரு யெஸ்டி இருந்தது. நல்ல வண்டிதான். அது வருகிற சத்தம் தெரு முனையிலேயே கேட்கும். மாமா வெளியூர் போனால் அந்த வண்டி உறை போட்டபடி திண்ணையோரமாக நிற்கும். அத்தையின் வண்டி நின்று நான் பார்த்ததே இல்லை. ராத்திரி பிரசவ வலி என்று யாராவது கதவைத் தட்டினால் அவர் எடுத்ததும் அந்தச் சின்ன வண்டியைத்தான்.

சுமை இழுக்கிற விஷயத்தில்தான் இந்த வண்டியின் முழுத் திறமையும் தெரியும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குச் சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். முருங்கைக்காய்க் கட்டு நீளமானது, நேராக வைக்க முடியாது. ஃபுட்போர்டில் குறுக்காகப் போட்டு, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் காலை வைத்து ஓட்டி வருவார்கள். பின் சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது வழக்கம். கழற்றுகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் தக்காளிப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று. கட்டுவதற்குக் கயிறு கிடையாது. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி எடுத்த ரப்பர் பட்டைதான். குலுங்கும்போது கொஞ்சம் இழுத்துக் கொடுத்து மறுபடி இறுகிக்கொள்ளும், காயில் தழும்பு விழாது.

ஏற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கனமான மூட்டை முதலில் முன்னால், ஃபுட்போர்டில் இறங்க வேண்டும். அது தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் வண்டி ஆடாது. பின்னால் முதலில் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகித் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். முன்னால் வெங்காய மூட்டை உட்கார்ந்த பிறகு பின்னால் எவ்வளவு உயரம் கட்டினாலும் ஹேண்டில் சொன்னபடி கேட்கும். இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எடை எங்கே உட்கார வேண்டும் என்பதை மார்க்கெட்டுக்கு வருகிற ஒவ்வொருவரின் கையும் அறிந்திருக்கிறது. எக்ஸெல் 100 எஞ்சினின் சக்தி நான்கு குதிரைத்திறனைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். புல்லட்டில் இருபது. ஆனால் அதன் இழுவை குறைந்த சுழற்சியிலேயே, மெதுவாகப் போகும்போதே முழுதாகக் கிடைக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். மூட்டையோடு கிளம்புகிறவருக்கு வேண்டியது அதுதான்.

நிறுவனம் சொல்லும் சுமை 130 கிலோ. மார்க்கெட்டில் அதை யாரும் மதிப்பதில்லை. இது எனக்கு மன வருத்தம் தருகிற விஷயம். அந்தச் சின்ன டிரம் பிரேக்குகள் இவ்வளவு பாரத்தை இறக்கத்தில் பிடித்து நிறுத்தச் செய்யப்பட்டவை அல்ல. மினி லாரி வாடகை கொடுத்தால் அன்றைய தக்காளி விலையில் ஒன்றும் மிஞ்சாது என்பதால்தான் அவர்கள் இப்படி வருகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காய்கறி மட்டுமா? ஐஸ் பெட்டி கட்டிய மீன்காரர், குலை குலையாக இளநீர் தொங்கவிட்டு வருகிறவர், கோலப்பொடி, உப்பு, பிளாஸ்டிக் குடம் என்று ஒரு கடையையே வண்டியில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறவர். சாணை பிடிக்கிறவர்கள் சிலர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட் மாட்டி, சாணைக்கல்லைச் சுற்றவிடுகிறார்கள். அரிவாளும் அரிவாள்மணையும் அதில் தீட்டப்படுகின்றன. இவர்களில் பலருக்குக் கடை வாடகை கொடுக்கச் சக்தி இல்லை. இந்த வண்டிதான் கடை, பட்டறை, முதலீடு எல்லாம்.

பராமரிப்பும் கைக்கு அடக்கமானது. டூ ஸ்ட்ரோக் காலத்தில் வண்டி திணறினால் முதலில் ப்ளக்கைத்தான் கழற்றுவார்கள். முனையில் கரி அடைத்திருக்கும். உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். சைலன்சரில் கரி சேர்ந்து இழுவை குறைந்தால் அதைக் கழற்றித் தீயில் போட்டுச் சுட்டு, தட்டி உதிர்ப்பார்கள். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்திருக்கும் சைக்கிள் கடைக்காரரே மெக்கானிக்காகிவிட்டார். அந்த எஞ்சின் விட்ட நீலப் புகையும் ஆயில் நாற்றமும் கெடுதல்தான், அது போனது நல்லதே. 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு எக்ஸெல் 100 வந்தது. 2020இல் புகை விதி இறுகியபோது கார்புரேட்டர் போய் ஃபூயல் இன்ஜெக்ஷன் வந்தது. ப்ளக்கைத் தேய்த்து ஓட்டிய காலம் முடிந்தது. ஆனால் திறந்த நடு இடமும் தட்டையான ஃபுட்போர்டும் கழற்றக்கூடிய சீட்டும் மாறவில்லை. எதை மாற்றக் கூடாது என்று ஓசூரில் யாரோ சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இந்த ஞானம் நமக்கு மட்டும் உரியதில்லை. ஜப்பானில் ஹோண்டா 1958இல் சூப்பர் கப் வண்டியைக் கொண்டுவந்தபோது, சோபா நூடுல்ஸ் கொண்டுபோகிற பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அதனால் அதிலும் கிளட்ச் பிடி இல்லை, அதிலும் நடு இடம் திறந்திருந்தது. 2017இல் அந்த வரிசையில் பத்துக் கோடி வண்டிகள் செய்து முடித்தார்கள். உலகில் வேறு எந்த மோட்டார் வண்டியும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

இளைஞர்கள் பெரிய பைக்குக்கு ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. இருபது வயதில் சத்தமும் வேகமும் வேண்டும்தான். புல்லட்டும் திருவொற்றியூரில் தொடங்கி நம் ஆட்கள் செய்து உலகத்துக்கு அனுப்புகிற வண்டி, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பைக் வாங்கிய பையனின் வீட்டிலும் எக்ஸெலை விற்பதில்லை. மாட்டுக்குத் தீவனம் யார் கொண்டுவருவது?

எக்ஸெலைக் கீழே தள்ளப் பெரிய பைக்கால் முடியவில்லை. எனக்குக் கவலை தருவது பெரிய ரோடு. ஊருக்கு நடுவே நான்கு வழிச்சாலை வந்த பிறகு, ரோட்டின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் தோட்டமுமாக ஆகிப்போன குடும்பங்கள் எத்தனையோ. நடுவில் தடுப்புச்சுவர். திரும்புவதற்கு வெகுதூரம் போய் வர வேண்டும். அறுபது கிலோமீட்டர் வேகமே எல்லையாக உள்ள வண்டி, புல்லுக்கட்டோடு, நூறில் வருகிற கார்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில் ஓரமாக ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. சுற்றிப்போக மனமில்லாமல் எதிர்த்திசையில் வருகிறவர்களைத் திட்டுகிறோம். பால் கேனோடு அந்தச் சுற்றுவழியை ஒருமுறை போய்ப் பார்த்தால் திட்டத் தோன்றாது.

ஊர் முடிகிற இடத்தில் முடிந்துபோகிற சர்வீஸ் ரோட்டை அடுத்த ஊர் வரை கொண்டுபோக வேண்டும். மழை பெய்தால் குளமாகிவிடாத சுரங்கப்பாதை ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும். வேகமாகப் போகிற வண்டிகளுக்காகப் போட்ட ரோடு இது என்று பதில் சொல்கிறார்கள். அந்த ரோட்டுக்கு நிலம் கொடுத்தவர்களும் எக்ஸெலில் போகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். அவர்கள் போவதற்கு இரண்டு பக்கமும் பத்தடி அகலத்தில் ஒரு தனிப்பாதை கேட்பது அதிகம் இல்லை. சாலைத் திட்டம் போடும்போதே அதையும் சேர்த்துப் போட வேண்டும்.