கணினிக்குள் இன்னொரு கணினி

2004 டிசம்பர் 26இல் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளை ஆழிப்பேரலை விழுங்கிய பின், காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்வதற்காக இலங்கை நிரலாளர்கள் தன்னார்வமாக எழுதிய 'சகானா' என்னும் கட்டற்ற மென்பொருள், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது என்பது இக்கரையோர மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும். யாரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தக்கூடிய அத்தகைய மென்பொருளை, வீட்டுக் கணினியிலுள்ள விண்டோஸைக் கலைக்காமலே, மெய்நிகர் இயந்திரம் ஒன்றில், அதாவது நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பகுதியைப் பெற்றுத் தனிக் கணினிபோல் இயங்கும் அமைப்பில், நிறுவிப் பயிலலாம்.

மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்க, 2007இல் வெளிவந்த வெர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருள் போதுமானது. 8 ஜிபி நினைவகமுள்ள கணினியில் 2 ஜிபியை மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒதுக்கினாலே, சகானா போன்றவற்றை நிறுவுவதற்கான இயங்குதளமாக, வரைகலைத் திரையற்ற டெபியன் லினக்ஸ் தாராளமாக இயங்கும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி முடக்கப்பட்டிருந்தால் மட்டும் அதனை முதலில் இயக்க வேண்டும்.

வெர்ச்சுவல்பாக்ஸின் வசதிகளுள் மிகப் பெறுமதியானது ஸ்நாப்ஷாட் ஆகும். இயந்திரத்தின் அக்கணத்து நிலையை முழுமையாகச் சேமித்துவைக்கும் இவ்வசதி, நிறுவிய மென்பொருளின் தரவுத்தளமே சிதைந்தாலும் பழைய நிலைக்குச் சில நிமிடங்களில் திரும்ப உதவுவதால், சகோதரர் பலர் ஒரே கணினியைப் பகிரும் வீடுகளில் உயர்தர மாணவி ஒருவர் பிறர் கோப்புகளுக்குக் கேடின்றி, எதையும் துணிந்து கழற்றிப் பார்க்கலாம்.