நஞ்சு என்றொரு சொல்

குழந்தையைத் தொடர்ந்து வெளியேறும் அந்த உறுப்பைத் தமிழில் நஞ்சுக்கொடி என்கிறோம். பேச்சில் வெறும் நஞ்சு. உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிரை வாங்கிவிடும் என்ற அச்சத்தில் பிறந்த பெயர் என்பது என் ஊகம். ஈழத்தில் சூல்வித்தகம் என்று அழகாகச் சொல்கிறார்கள். நம் பாடநூல்களில் 'தாய்-சேய் இணைப்புத் திசு'. நாவில் நிற்காத பெயர். 1559-இல் இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரியால்டோ கொலம்போ அதன் தட்டை வடிவத்தைக் கண்டு லத்தீனில் 'அப்பம்' என்று பொருள்படும் பிளசென்ட்டா என்ற பெயரை இட்டார். அவர்களுக்கு அப்பம், நமக்கு நஞ்சு. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள்.

2003-இல் என் முதல் மகன் 4.3 கிலோ எடையுடன் பிறந்தான். மணலியில் எங்கள் தெருவே பெருமைப்பட்டது. மூன்றாம் நாள் மூச்சுத்திணறி இறந்தான். வளைகாப்புக்கு வந்த அதிரசத்தை எவரும் பார்க்காதபோது எடுத்துத் தின்றவள் நான். மாமியார் அதைப் பார்த்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "வாயைக் கட்டியிருந்தா புள்ள தங்கியிருக்கும்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். ஒரு முறை போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊரில் எந்த வீட்டில் எது நேர்ந்தாலும் முதலில் காற்றைத்தான் சொல்வார்கள். சுத்திகரிப்பு ஆலையின் சுடரைப் பார்த்தபடி மொட்டைமாடியில் உறங்கிய எவரும் அப்படித்தான் சொல்வர். அதில் பொருளும் உண்டு. தமிழ்நாட்டில் 1,285 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைவதாகக் கண்டார்கள். ஆனால் என் மகன் எடை குறைந்து பிறக்கவில்லை. ஆகவே காற்றின் மேல் பழிபோட்டுத் தப்பிக்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

2008-இல் இரண்டாம் முறை கருவுற்றபோது குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கவைத்துச் சோதித்தார்கள். சர்க்கரை கூடியிருந்தது. அதன்பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு உயிர்வேதியியல் எளிதில் பிடிபடவில்லை. பல மாலைகள் ஆயின.

படித்தது இதுதான். கரு கருப்பையில் பதிந்ததும் அதன் வெளிச்செல்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. சூலகத்தைத் தொடர்ந்து புரொஜெஸ்டிரோன் சுரக்கவைப்பது அதன் வேலை. சுமார் பத்தாம் வாரத்திற்குள் நஞ்சுக்கொடி அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறது. பின்பு அது வளர வளர லாக்டோஜென் என்ற புரதத்தையும் மேலும் மேலும் சுரக்கிறது. அதுவும் உடனிருக்கும் பிற ஹார்மோன்களும் தாயின் செல்களை இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் செய்துவிடுகின்றன. தாய்க்குள் நுழையாத சர்க்கரை இரத்தத்தில் நிற்கும். நின்றால்தான் குழந்தைக்குக் கிடைக்கும். நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் குளுக்கோஸைக் கடத்தும் புரதங்கள் வாயிற்காவலர்போல் நிற்கின்றன. அமினோ அமிலங்களைக் கடத்துபவை வேறு. அவற்றின் எண்ணிக்கையைத் தாயின் இன்சுலினும் லெப்டினும் கூட்டுகின்றன. இருதரப்பும் ஓயாமல் பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன.

பெரும்பாலான பெண்களின் கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரந்து ஈடுகொடுத்துவிடும். சிலருக்கு முடிவதில்லை. அப்போது தாயின் சர்க்கரை குழந்தைக்குச் செல்கிறது. தாயின் இன்சுலின் செல்வதில்லை. குழந்தை தன் இன்சுலினைத் தானே மிகுதியாகச் சுரந்து கொழுக்கிறது. நுரையீரலோ முதிரத் தாமதிக்கிறது. 2003-இல் என் சர்க்கரையை எவரும் அளக்கவில்லை. ஆகவே என்னிடம் சான்று இல்லை. ஆனால் அந்தப் பத்தியை வாசித்த இரவில் நெடுநேரம் விளக்கை அணைக்கவில்லை.

அதிரசத்திற்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேரத்தைத் தொடங்கியது அதிரசம் அன்று.

சென்னை மருத்துவர் வீ. சேஷையா குழுவினர் 2008-இல் வெளியிட்ட கணக்கில் நகர்ப்புறக் கருவுற்ற பெண்களில் 17.8 விழுக்காட்டினருக்கும், கிராமப்புறத்தில் 9.9 விழுக்காட்டினருக்கும் இது இருந்தது. எல்லாக் கருவுற்ற பெண்களுக்கும் சோதனை என்ற நடைமுறை 2007-இல்தான் தமிழ்நாட்டில் வந்தது. நான்கு ஆண்டுகள்.

சென்ற மாதம் அக்காவின் மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். 75 கிராம் குளுக்கோஸ். குடித்து இரண்டு மணிநேரம் காத்திருக்க வேண்டும். "வாந்தி வர்ற மாதிரி இருக்கு சித்தி" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். வெளியே கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. 140-க்குள் இருந்தால் கவலையில்லை. சீட்டில் 148 என்று எழுதியிருந்தது.

"நேத்து கல்யாணத்துல ரெண்டு ஜாங்கிரி தின்னேன் சித்தி, அதனாலயா?" என்றாள். கண் நிறைந்திருந்தது.

நான் அவளை மறுபடி பெஞ்சில் உட்காரவைத்து, லாக்டோஜெனிலிருந்து தொடங்கினேன்.